விழுந்து காட்டிய வேல்ராஜ்

பழனி – கொடைக்கானல் பஸ்ஸில் வேல்ராஜ் கண்டக்டராக இருந்த இருபத்திரண்டு வருஷத்தில், அவரோடு வாக்குவாதம் செய்து ஜெயித்த பயணி ஒருவரும் கிடையாது. குரலை உயர்த்துகிற ஆள் இல்லை அவர். சொல்ல வேண்டியதை ஒருதரம் சொல்வார், அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். சண்டைக்கு வந்தவர் ஜன்னல் கம்பியோடு பேசிக்கொண்டு வர வேண்டியதுதான். இந்தக் குணம்தான் அவரைக் கூடைப்பந்து நடுவராகவும் நிலைக்க வைத்தது. மலையில் எந்தக் கல்லூரியில் போட்டி நடந்தாலும் "வேல்ராஜ் வர்றாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் தேதி குறிப்பார்கள். தோற்ற அணிக்காரர்களும் வந்து கைகொடுத்துவிட்டுப் போகிற நடுவர் அவர். பின்னால் நடந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரிய வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும்.

பேத்துப்பாறையில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் தினக்கூலிக்குத் தோட்ட வேலை பார்த்தவர்கள். கொடைக்கானலில் பள்ளிக்கூடம் படித்தபோது பந்தே கதி என்று திரிந்தார். ஆனால் உயரம் ஐந்தடி இரண்டங்குலத்தோடு நின்றுவிட்டது. கூடைப்பந்துக்கு அந்த உயரம் ஒன்றுக்கும் ஆகாது. ஒருநாள் பயிற்சி ஆட்டத்துக்கு விசில் ஊத ஆளில்லாமல் இவர் கையில் கொடுத்தார்கள். அன்று பிடித்துக்கொண்டதுதான். மாவட்ட நடுவர் தேர்வு எழுதிப் பாஸ் செய்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகு வார ஓய்வும் பண்டிகை விடுப்பும் மைதானத்துக்கே போயின. "ஒங்களுக்கு லீவுன்னா அது ஊருக்குத்தான், வீட்டுக்குக் கெடையாது" என்பாள் மனைவி சிவபாக்கியம். சொல்லிக்கொண்டே அவருடைய சாம்பல் நிறச் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பாள்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. மாநில நடுவர் பட்டியலில் பெயர் வர வேண்டும். ஐம்பது வயது தாண்டினால் புதிதாக யாரையும் அதில் சேர்க்க மாட்டார்கள். இரண்டு தடவை இவர் பெயர் போய்த் திரும்பி வந்தது. "மலையில ஊதுறவங்க பழைய ரூலையே கட்டிக்கிட்டு அழுறாங்க" என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. அது அவரைச் சுட்டது. பஸ்ஸில் யார் என்ன சொன்னாலும் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற மனுஷர், இந்த ஒரு வார்த்தையை நாலு வருஷம் மனசுக்குள் வைத்துப் புழுங்கினார். போன வருஷம் அவருக்கு நாற்பத்தொன்பது.

அந்த ஆகஸ்ட் மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி கொடைக்கானலில் நடப்பதாக முடிவானது. அந்த சீசனுக்குப் புதிய விதிகள் வந்திருந்தன. அவற்றோடு, நடுவர்கள் எதையெல்லாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் வந்திருந்தது. போட்டிக்கு முன்னால் எல்லா நடுவர்களையும் உட்காரவைத்து அதற்குத் தயார்படுத்த வேண்டும். நடுவர்களை எடைபோட்டு மேலே அறிக்கை அனுப்புகிற பார்வையாளர் ஜெயபிரகாஷ் சமவெளியிலிருந்து போன் செய்தார்.

"வேல்ராஜ் சார், மலை ரெஃப்ரீங்க பதினோரு பேரையும் நீங்கதான் ரெடி பண்ணணும். வீடியோ நான் கொண்டுவர்றேன், அவங்க பாஷையில சொல்றது உங்க வேலை. மேட்சுக்கும் நான்தான் அப்சர்வர். நல்லா வந்துச்சுன்னா இந்தத் தடவை உங்க பேர நானே எழுதி அனுப்பறேன்."

வேல்ராஜ் படித்தார். சவரிக்காட்டில் பஸ் டீக்கு நிற்கும்போது படித்தார். கொண்டை ஊசி வளைவுகளில் கூட்டம் குறைந்திருந்தால் பின்சீட்டில் உட்கார்ந்து படித்தார். வீட்டில் சிவபாக்கியம் தாளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். அவள் படிப்பது அவளுக்கே புரியாது. இருந்தாலும் பதிலில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் விடமாட்டாள். அந்த மூன்று வாரம் அந்த வீட்டில் அப்படியொரு சந்தோஷம் இருந்தது. இப்போது அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பயிற்சி நாள் வந்தது. ஒரு கல்லூரியின் சின்ன அரங்கில் பதினோரு பேர் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர்கள், மீதிப் பேர் லாட்ஜ் வேலை, கடை வேலை. ஜெயபிரகாஷ் திரையில் ஒவ்வொரு காட்சியாக ஓடவிட்டார். வேல்ராஜ் பக்கத்தில் நின்று விளக்கினார். பந்தைப் பிடித்தபின் எத்தனை அடி வைக்கலாம் என்கிற புது விதியைக் கேட்டு எல்லோரும் திருதிருவென்று விழித்தபோது, வேல்ராஜ் சொன்னார்: "பந்து கையில அடங்குறப்போ தரையில இருக்குற கால் கணக்கில்ல. அதுக்கப்புறம் வைக்கிறதுதான் ஒண்ணு, ரெண்டு. கீழ நிக்கிறவன்கிட்ட நான் டிக்கெட் கேப்பனா? படியில கால வச்சாத்தான டிக்கெட்டு?" அரங்கமே சிரித்தது. ஜெயபிரகாஷ் வியந்துபோய்த் தன் நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டார். வேல்ராஜ் அதைப் பார்த்தார்.

அடுத்து வந்தது நடிப்பு. எதிராளி இடிக்காமலேயே இடித்த மாதிரி விழுந்து ஏமாற்றுவது. அந்த சீசனில் அதை விடவே கூடாது என்று உத்தரவு. முதல் தடவை அணிக்கு எச்சரிக்கை. இரண்டாவது தடவை விழுந்தவர் மேல் டெக்னிக்கல் பவுல். ஒரே ஆள் இரண்டு டெக்னிக்கல் வாங்கினால் ஆட்டத்தை விட்டே வெளியே போக வேண்டும். திரையில் ஒரு பையன் இரண்டு கையையும் மேலே வீசிக்கொண்டு பின்பக்கமாக உட்கார்ந்து விழுந்தான். ஜெயபிரகாஷ் படத்தை நிறுத்தினார். "கையைப் பாருங்க. நிஜமா விழறவன் கையை ஊணத்தான் பார்ப்பான். மேல தூக்கினா நடிப்பு. யோசிக்கவே வேண்டாம்."

முருகவேல் கையைத் தூக்கினார். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், வேல்ராஜோடு பத்து வருஷம் சேர்ந்து ஊதியவர். "சார், நம்ம மலைப் பிள்ளைக விழுறதே இப்படித்தானே? அதையும் நடிப்புன்னு குடுக்கணுமா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. மலைக்காட்டில் மூட்டை சுமக்கிறவர்களுக்கு ஒரு விழுகிற முறை உண்டு. ஈரச் சரிவில் கால் வழுக்கினால் எதிர்த்து நிற்கக் கூடாது. எதிர்த்து நின்றால் முழங்கால் போகும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். தலைச்சுமையைப் பின்னால் விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேலே எறிந்து, பொத்தென்று உட்கார்ந்துவிட வேண்டும். பீன்ஸ் மூட்டை உருண்டு போனால் போகட்டும், பிள்ளை பிழைத்தால் போதும். ஏழெட்டு வயதில் பழகியது உடம்பை விட்டு எங்கே போகும்? சுமை இல்லாத மைதானத்திலும் மலைப் பிள்ளைகள் அப்படித்தான் விழுவார்கள். வேல்ராஜும் அப்படி விழுந்து வளர்ந்தவர்தான்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஜெயபிரகாஷும் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். "சார், அது எங்க ஊரு விழுகை, அதை நடிப்புன்னு எடுக்க முடியாது" என்று சொல்லியிருந்தால் ஜெயபிரகாஷ் ஒப்புக்கொண்டிருக்கலாம், ஒப்புக்கொள்ளாமலும் போயிருக்கலாம். மலைக்காரர்கள் பழைய ரூலையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்ற பேச்சு அந்த நேரம் பார்த்து வேல்ராஜின் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"ரூலுக்கு மல, சமவெளின்னு உண்டா முருகவேல்?" என்றார். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. அரங்கத்தின் நடுவில் வந்து, வழுக்கின மாதிரி காலை விட்டு, இரண்டு கையையும் மேலே வீசிப் பொத்தென்று உட்கார்ந்து காட்டினார். அசல் மலை விழுகை. கீழே உட்கார்ந்தபடியே, "இந்தா, இத எங்க பார்த்தாலும் நடிப்புத்தான். கண்ண மூடிக்கிட்டு ஊதுங்க" என்றார். கைதட்டினார்கள். ஜெயபிரகாஷ்தான் முதலில் தட்டினார். முருகவேல் தட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

போட்டியின் மூன்றாம் நாள் பெண்கள் அரையிறுதி. உள்ளூர்க் கல்லூரி அணிக்கும் கீழேயிருந்து வந்த அணிக்கும் ஆட்டம், ஊதியது வேல்ராஜும் முருகவேலும். திறந்தவெளி சிமெண்ட் மைதானம். காலையில் தூறியிருந்தது. துடைத்துத்தான் ஆட்டத்தை ஆரம்பித்தார்கள், ஆனாலும் கோடு போட்ட பெயின்டின் மேல் ஈரம் மின்னியது. பந்தலுக்குக் கீழே பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். உள்ளூர் அணியின் ஷர்மிளா. கிளாவரை என்கிற மலையூர்ப் பெண், இளங்கலை கடைசி வருஷம். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் மேலே படிக்க இலவச இடம் உண்டு. கிடைக்காவிட்டால் அப்பாவோடு பூண்டுக் காடுதான். ஒரு தடவை பழனியில் ஆட்டம் முடிந்து வேல்ராஜின் பஸ்ஸில் மலையேறும்போது இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது கால்பகுதியில் ஷர்மிளாவின் அணித்தோழி ஒருத்தி வழுக்கி உட்கார்ந்தாள். கை மேலே போனது. பக்கத்தில் இருந்த முருகவேல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தயங்கினார். வேல்ராஜைப் பார்த்தார். வேல்ராஜ் தலையை அசைத்தார். முருகவேல் ஊதினார், அணிக்கு எச்சரிக்கை கொடுத்தார். ஸ்கோர் எழுதும் மேஜையருகே ஜெயபிரகாஷின் பேனா நகர்ந்தது.

அதற்கு ஐந்து நிமிஷம் கழித்து ஷர்மிளா. மைதானத்தின் மேல் லேசாகப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எதிரணிப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு வர, அவளைத் தடுக்க ஷர்மிளா பின்னால் நகர்ந்தாள். குதிகால் பெயின்டுக் கோட்டில் பட்டது. வேல்ராஜ் இரண்டடி தூரத்தில் நின்றார். யாரும் யாரையும் தொடவில்லை. கால் வழுக்கியதை அவர் கண்ணால் பார்த்தார். இரண்டு கையும் மேலே போய் ஷர்மிளா பொத்தென்று உட்கார்ந்தாள். பவுல் என்று கேட்கவில்லை, நடுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எழுந்திருக்கத்தான் பார்த்தாள். ஊதாமல் விட்டிருந்தால் ஒரு மனுஷரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்.

ஆனால் ஊதினார். முழங்கையை மடக்கி முன்கையை இரண்டு தரம் தூக்கிக் காட்டினார். நடிப்பு என்பதற்கு அதுதான் சைகை. பிறகு டெக்னிக்கல் என்று மேஜைக்குக் காட்டினார். சைகை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஷர்மிளா எழுந்தாள். "கால் வழுக்கிருச்சு சார்" என்றாள்.

"ஆடும்மா" என்றார் வேல்ராஜ். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கால்பகுதி முடிந்த இடைவேளையில் அவளுடைய பயிற்சியாளர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இன்னொரு டெக்னிக்கல் வாங்குனா நீ வெளிய. அவுக ரெண்டு பேரும் ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்காக. விழாத. என்ன ஆனாலும் விழாத." வேல்ராஜ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது.

கடைசிக் கால்பகுதியில் நாலு நிமிஷம் மிச்சம். அதே கோடு, அதே குதிகால். ஷர்மிளாவின் கை மேலே போகப் பார்த்து, பாதியில் நின்றது. அவள் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை நிமிர்த்தப் பார்த்தாள். கால் ஒரு பக்கம் போனது, உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. நடுவில் முழங்கால் மாட்டிக்கொண்டது. ஒரு சத்தம் கேட்டது. பிறகு விழுந்தாள், பக்கவாட்டில், கன்றுக்குட்டி விழுவதுபோல. விழுந்த பிறகும் கையைத் தூக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த வேல்ராஜுக்குச் செத்துப்போகலாம் என்று இருந்தது.

மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். முழங்காலுக்குள் இருக்கிற தசைநார் அறுந்துபோய்விட்டது, நடக்கலாம், ஆடுவது சந்தேகம் என்றார்கள். பல்கலைக்கழக அணிக்கு வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். முப்பது நாளில் வேல்ராஜுக்குக் கடிதம் வந்தது. மாநிலப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. புதிய முன்னுரிமைகளைத் தயக்கமின்றி நடைமுறைப்படுத்தியவர் என்று ஜெயபிரகாஷ் எழுதியிருந்தார். சிவபாக்கியம் கடிதத்தை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பாயாசத்துக்குச் சேமியா வறுத்தாள். அவளிடம் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "தொண்ட சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சும்மா இருந்துவிடவும் அவரால் முடியவில்லை. அந்த டெக்னிக்கலைத் தவறாகக் கொடுத்தேன் என்று சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். ஜெயபிரகாஷ்தான் போன் செய்தார். "எதுக்கு சார் மனசப் போட்டுக் குழப்பிக்கறீங்க? வீடியோ என்கிட்ட இருக்கு. கை மேல போகுது, நீங்க ஊதறீங்க. அடுத்த வருஷம் எல்லா ஊருக்கும் அந்தக் காட்சியத்தான் போட்டுக் காட்டப் போறோம்."

பதினோரு பேரிடமும் ஒவ்வொருவராகப் பேசினார். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, மலை விழுகையை நடிப்பு என்று ஊதாதீர்கள் என்றார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "அண்ணே, நீங்கதான விழுந்து காமிச்சீங்க? இப்ப மாத்திச் சொன்னா நாங்க எதப் பிடிக்கிறது?" என்றார் ஒருவர். அந்த மாதமே பள்ளி ஆட்டங்களில் ஏழு பிள்ளைகள் எச்சரிக்கை வாங்கியதாகக் கேள்விப்பட்டார். முருகவேல் அதற்குள் ஊதுவதையே விட்டிருந்தார்.

கடைசியில் அக்டோபரில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளாவரைக்குப் பஸ் ஏறினார். மன்னவனூர் தாண்டி ரோடு குலுக்கிற குலுக்கலில் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம். சொல்லிவிட்டால் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கும் என்று நம்பினார்.

ஷர்மிளாவின் அப்பா நல்லுசாமி வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க சார். இம்புட்டுத் தூரம் பாக்க வந்திருக்கீகளே. காலேஜ்லேருந்துகூட ஒரு ஆள் எட்டிப் பாக்கல." உள்ளே கட்டிலில் ஷர்மிளா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை கறுப்புப் பட்டை. அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதை வேல்ராஜ் எதிர்பார்க்கவே இல்லை.

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள். "எங்க டீம் பிள்ளைக போன்ல ஒங்கள ரொம்ப ஏசுச்சுக. நான்தான் சண்ட போட்டேன். அந்நேரம் பனி எறங்கிக்கிட்டு இருந்துச்சுல்ல, அவருக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது, வேல்ராஜ் சார் தெரிஞ்சே ஒருநாளும் குடுக்க மாட்டாருன்னு சொன்னேன். சரிதான சார்?"

நல்லுசாமி அடுக்களையிலிருந்து டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்தார். சரிதாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். ஆனால் வேல்ராஜ் வந்தது அதற்கல்ல.

"பனி ஒண்ணும் மறைக்கலம்மா" என்றார். "நல்லாத் தெரிஞ்சுச்சு. நீ நடிக்கல. வழுக்கித்தான் விழுந்த. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் ஏதோ புரியாத கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"தெரிஞ்சா குடுத்தீங்க?"

"ஆமாம்மா."

நல்லுசாமி டம்ளரை நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஷர்மிளா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். இரண்டு மாதமாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு நம்பிக்கைதான், அதையும் இவர் வந்து பிடுங்கிவிட்டார். தப்பு செய்தபோதுகூட இவ்வளவு பறிக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "அப்பா, சாருக்கு பஸ் வந்துரும். போகச் சொல்லுங்க" என்றாள்.

பஸ் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அது மூன்று பேருக்கும் தெரியும். வேல்ராஜ் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.